பேச வச்சது நான்தான்

பழி வாங்கத்தாம்மா அவரைப் பேச வச்சேன். முதல்ல அதை எழுதிக்கோங்க. பாசமும் இல்ல, பத்தினித்தனமும் இல்ல. நீங்க பாட்டுக்கு கணவர் மேல அன்புன்னு ஏதாச்சும் எழுதிட்டுப் போயிராதீங்க. பெறகு அதைப் படிச்சுட்டு எவளாச்சும் எனக்கு இன்னொரு சால்வை போத்த வருவா. ஏற்கெனவே ஒண்ணு பீரோவுல கிடக்கு.

உக்காருங்க. கட்டில்ல வேணாம், அது அவரு மத்தியானம் படுக்குறது, ரப்பர் சீட்டு விரிச்சுக் கிடக்கு. இங்கிட்டு ஸ்டூல்ல உக்காருங்க. அவரு பின்னால நடையில நாற்காலியில இருக்காரு. இருக்கட்டும். நீங்க கொண்டாந்த கணக்கெடுப்புத் தாள்ல முதல்ல என்கிட்டக் கேக்க வேண்டியதைக் கேளுங்க.

பேரு அன்னக்கொடி. வயசு அம்பத்தாறு. பேசன்ட் பேரு சன்னாசி. முன்னாடில்லாம் அந்தப் பேரை என் வாயால சொல்ல மாட்டேன். ரேஷன் கடையில கேட்டாக்கூட பக்கத்துல நிக்கிறவளைச் சொல்லச் சொல்லுவேன். இப்பச் சொல்றேன். சன்னாசி. சன்னாசி. எழுதிக்கிட்டீங்களா?

விழுந்து ஒம்பது மாசம் ஆச்சு. விழுந்தது வீட்ல இல்ல, மண்டியில. இந்தச் சின்னமனூர்ல வாழைக்கா மண்டியில அவருதான் ஏலம் கூறுறவரு. விடியக்காலம் தாரை அடுக்கி வச்சிருப்பாங்க, இவரு ஒரு கல்லு மேல ஏறி நின்னு கூறுவாரு. மெயின் ரோட்டுல போற பஸ்ஸுக்குக் கேக்கும்னு சொல்லுவாங்க. அம்புட்டுத் தொண்டை. வீட்டுக்கு வந்தா ஒண்ணும் கிடையாது. ‘சோறு’ம்பாரு. ‘தண்ணி’ம்பாரு. முப்பத்தி ரெண்டு வருசம் குடும்பம் நடத்தியிருக்கோம், எண்ணிப் பாத்தா இருநூறு வார்த்தை பேசியிருப்பாரா? சந்தேகந்தான்.

அன்னைக்குக் கூறும்போதே வாய் குழறியிருக்கு. அங்க இருந்த பூராப் பேரும் என்ன நெனச்சானுங்க தெரியுமா? சரக்குப் போட்டுட்டு வந்துட்டாருன்னு. இவரு குடிக்கிற ஆளே இல்ல. அது அவனுங்களுக்கும் தெரியும். தெரிஞ்சும், ‘அண்ணன் என்னைக்காச்சும் ஒரு நாள் போட்டிருப்பாரு, வெளிய தெரிஞ்சா கேவலம்’னு கரிசனமா ஒரு கோலி சோடாவை உடைச்சு வாயில ஊத்தி, சாக்கு மேல படுக்க வச்சு, மேல ஒரு துண்டையும் போத்தி விட்டுட்டானுங்க. மானத்தைக் காப்பாத்துறாங்களாம். பத்து மணிக்கு எழுப்பிப் பாத்தா வலது கை, வலது கால் ரெண்டும் வரல. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. பெரியாஸ்பத்திரிக்குப் போனப்ப டாக்டர் முதல்ல கேட்டது, ‘எத்தனை மணிக்கு வந்துச்சு?’ நாலரை மணி நேரத்துக்குள்ள கொண்டாந்திருந்தா ஒரு ஊசி இருக்காம். தாண்டிப் போச்சு. இதையும் எழுதிக்கோங்க. எல்லா மண்டியிலயும் ஒரு தட்டி எழுதி மாட்டச் சொல்லுங்க. வாய் குழறுனா சோடா ஊத்தாதீங்கடா, வண்டியில ஏத்துங்கடான்னு.

என்ன உதவி தேவைப்பட்டுச்சா? முதல் மாசம் எனக்குத் தேவைப்பட்டது ஒண்ணே ஒண்ணுதான். எவளும் என் வீட்டுக்கு வராம இருக்கணும். வந்தாளுங்களே! ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸுமா வருவாளுங்க. அவரு முன்னாலயே உக்காந்து, ‘ஆளு எப்பிடி இருந்தாரு, இப்பிடி ஆயிட்டாரே’ம்பாளுங்க. அவருக்குக் காது நல்லாக் கேக்கும்மா. பேச்சுதான் போச்சு, காது போகல. அவரு கண்ணுல தண்ணி வரும். இவளுக தொடச்சு விடுவாளுங்க. அவளுகளுக்குக் காபி போட்டுக் குடுத்து, அவரைப் புரட்டிப் போட்டு, துணி மாத்தி, மூத்திரத் துணியை அலசி, என் இடுப்பு விட்டுப் போச்சு. ஒருத்தி கேக்கல, ‘ஏத்தா, நீ சாப்புட்டியா’ன்னு. நீங்க கேட்டீங்க. உங்க தாள்ல இருக்கு, கேட்டீங்க. இருந்தாலும் கேட்டீங்கள்ல.

வந்தவளுகள்ல முதல் ஆளு யாருங்குறீங்க? எங்க நாத்தனா சிட்டம்மா. அவருக்குக் கூடப் பிறந்த ஒரே தங்கச்சி. ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு. பத்தொம்பது வருசமா இந்த வாசப்படியை மிதிக்கல, நானும் அவ வாசப்படியை மிதிக்கல. அண்ணன் விழுந்ததும் நெஞ்சுல அடிச்சுக்கிட்டு ஓடியாந்துட்டா. வந்தது வெறுங்கையோட வரல, ஒரு வைத்தியனைக் கூட்டிக்கிட்டு வந்தா. அவன் கையில ஒரு உயிரோட புறா. புறா ரத்தத்தைச் சூட்டோட கையில கால்ல தேச்சா வாதம் ஓடிப் போயிருமாம். நான் என்ன செஞ்சேன் தெரியுமா? ‘குடுங்க, நானே தேய்க்கிறேன்’னு சொல்லி புறாவை வாங்கிக்கிட்டு ஆளை அனுப்பிட்டேன். சாயந்தரம் மிளகு தட்டிப் போட்டுக் குழம்பு வச்சுட்டேன். மறுநா சிட்டம்மா வந்து கேக்குறா, ‘மதினி, ரத்தம் தேச்சீகளா?’ ‘தேச்சேன் தேச்சேன், நல்லா உள்ள இறங்குற மாதிரியே தேச்சேன்’ன்னேன். அவளுக்கும் ஒரு கிண்ணத்துல குழம்பு ஊத்திக் குடுத்தேன். நல்லாருக்கு மதினின்னு சாப்புட்டா.

சிரிக்காதீங்க. இது சிரிக்கிற கதை இல்ல. ஏன் பத்தொம்பது வருசம்னு கேளுங்க.

எங்க அம்மா திருப்பூர்ல எங்க அண்ணன் வீட்ல இருந்துச்சு. அண்ணன் பேரு பால்ச்சாமி, பனியன் கம்பெனியில வேலை. அன்னைக்கு இங்க சிட்டம்மா மகளுக்குச் சடங்கு. தாய்மாமன் சீரு நாங்கதான் கொண்டு போகணும். நான் தாய்மாமன் பொண்டாட்டி. புள்ளைக்குத் தண்ணி ஊத்துறது, சேலை கட்டி விடுறது, ஆலாத்தி எடுக்குறது எல்லாம் நான்தான். என் கை இல்லாம ஒண்ணும் நடக்காது. அப்ப எங்க வீட்ல போன் கிடையாது, மண்டி போனுக்குத்தான் யாரும் பேசுவாங்க. காலையில எங்க அம்மா போயிருச்சு. அண்ணன் மண்டிக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்கு. அதை இவரு எடுத்திருக்காரு.

எடுத்தவரு என்கிட்டச் சொல்லல. சொன்னா எனக்குத் தீட்டு. எனக்குத் தீட்டுன்னா சீரு கொண்டு போக முடியாது. சீரு இல்லன்னா சடங்கு நின்னு போகும். நூறு இலைக்குச் சமைச்சு வச்சிருக்கு, மைக் செட்டு கட்டியிருக்கு. அதுக்காக மறைச்சுட்டாரு. எங்க அம்மா அங்க நடுவீட்டுல கிடக்குது, நான் இங்க பட்டுச்சேலை கட்டிக்கிட்டு, தலை நிறையப் பூ வச்சுக்கிட்டு, அவ மகளுக்கு ஆலாத்தி சுத்திக்கிட்டு இருக்கேன். அங்க சாயந்தரம் வரைக்கும் வச்சுப் பாத்திருக்காங்க. வெயில் காலம். அதுக்கு மேல வைக்க முடியல, எடுத்துட்டாங்க. மறுநா காலையில பஸ்ஸுல என்னைக் கூட்டிக்கிட்டுப் போனாரு. பஸ்ஸுல வச்சுத்தான் சொன்னாரு. நான் போய்ப் பாத்தது மண்ணு. ஈர மண்ணும்மா. எங்க அம்மா முகத்தை நான் பாக்கல.

அண்ணன் என்கூடப் பேசல. ‘உம் புருசன்கிட்டச் சொன்னேன். சடங்கு முடிச்சுட்டு வர்றேன்னு நீ சொல்லி விட்டியாமே. இங்க எதுக்கு வந்த?’ன்னுச்சு. நான் இவரைத் திரும்பிப் பாத்தேன். இவரு என்ன சொன்னாரு? ‘போன் வரல’ன்னாரு. அம்புட்டுத்தான். ‘எனக்குப் போனே வரல. மறுநாத்தான் ஆளு வந்து சொன்னான்.’ அன்னைலருந்து விழுகிற வரைக்கும் அதே சொல்லுதான். சண்டை போட்டிருக்கேன், சோறு ஆக்காம இருந்திருக்கேன், ஒரு தடவை மண்டியிலயே போய் எல்லாரு முன்னாலயும் கேட்டிருக்கேன். ‘போன் வரல.’ அண்ணன் பத்தொம்பது வருசமா என் முகத்துல முழிக்கல. அண்ணன் மக கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை இல்ல. சொந்த அம்மாவை விட சோத்துப் பந்தி பெருசுன்னு இருந்துட்டவன்னு ஊரெல்லாம் பேச்சு. என்னை அப்பிடிப் பேச வச்சது இவரோட வாய். சொல்லிக் குடுத்தது அந்தச் சிட்டம்மாவாத்தான் இருக்கும்னு எனக்கு உள்ளுக்குள்ள உறுதி. அதான் அவ மக கல்யாணத்துக்கும் நான் போகல, பேரன் பொறந்தப்பவும் போகல. எதிர்ல வந்தா முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போயிருவேன்.

இப்பப் புரியுதா? அப்பேர்ப்பட்ட வாய், பதில் சொல்லாமயே மூடிக்கிச்சு. ஆஸ்பத்திரி கட்டில்ல கிடந்தவரைப் பாத்து எல்லாரும் அழுகுறாங்க, எனக்கு வர்றது கோவம். தப்பிச்சுட்டியே! ஒரு தடவை உண்மையைச் சொல்லிட்டு விழுந்திருக்கக் கூடாதா? அப்பிடித்தான் இருந்துச்சு எனக்கு.

அப்பத்தான் அந்தப் பேச்சுப் பயிற்சி டாக்டரம்மா வந்தாங்க. சின்னப் பொண்ணு, உங்க வயசுதான் இருக்கும். அவங்க சொன்னாங்க, ‘அம்மா, அவருக்கு எல்லாம் புரியுது. ஞாபகமும் இருக்கு. வார்த்தை எல்லாம் உள்ளதான் இருக்கு, வெளிய வர்ற வழிதான் அடைச்சிருக்கு.’

‘உள்ள இருக்கா?’ன்னு கேட்டேன்.

‘இருக்கும்மா. பொறுமையா எடுக்கணும்’னாங்க.

அப்ப எடுத்துருவோம்னு அன்னைக்கு முடிவு பண்ணுனேன்.

எடுத்தேம்மா. எல்லாரும் அவரைக் குழந்தையாக்கிட்டாங்க, நான் ஆக்கல. சிட்டம்மா வந்தா, அவரு ‘கா...’ன்னு வாயைத் திறக்குறதுக்குள்ள ‘காபியாண்ணே? இந்தா’ன்னு ஊட்டி விடுவா. நான் டம்ளரைப் பிடுங்கிருவேன். காபின்னு சொன்னாத்தான் காபி. வர்ற வரைக்கும் நானும் எதிர்ல உக்காந்திருப்பேன். ஆறிப் போனா சூடு பண்ணிக்கிட்டு வந்து மறுபடியும் உக்காருவேன். ஒரு நா ஒம்பது மணிக்கு ஆரம்பிச்சுப் பத்தரை மணிக்குக் குடிச்சாரு. சட்டைப் பித்தானை இடது கையால அவரேதான் போடணும். ஒரு பித்தானுக்குப் பத்து நிமிசம் ஆகும். நான் கையைக் கட்டிக்கிட்டு நிப்பேன். நடக்கணும்னு சொன்னாங்க, நடத்துனேன். அவரு அழுவாரு. அழுதா, ‘அழுகை எனக்குத் தேவையில்ல, வார்த்தை வேணும்’பேன். தெருவே என்னை ராட்சசின்னுச்சு. பழி தீர்க்குறா பாருன்னு பேசுனாங்க. ஆமான்னு மூஞ்சிக்கு நேரா சொன்னேன்.

அந்த டாக்டரம்மா மட்டும் வேற மாதிரி சொல்றாங்க. ‘இதுதான் சரி அன்னக்கொடியம்மா. எல்லா வீட்லயும் பாசத்துல எல்லாத்தையும் செஞ்சு குடுத்து ஆளை முடக்கிப் போட்டுருவாங்க. நீங்கதான் சரியாப் பண்றீங்க.’ ஒரு கூட்டம் போட்டாங்க, வாதம் வந்தவங்க, அவங்க வீட்டு ஆளுங்க எல்லாரையும் கூட்டி. என்னை மேடையில ஏத்தி சால்வை போத்துனாங்க. நீங்க எப்பிடி இவ்வளவு பொறுமையாப் பாத்துக்கிறீங்க, எல்லாருக்கும் சொல்லுங்கன்னாங்க. என்னத்தைச் சொல்றது? ‘உங்க வீட்டு ஆளு மேல ஏதாச்சும் தீராத கோவம் இருந்தா நெனச்சுக்கோங்க, பொறுமை தானா வரும்’னு சொன்னேன். எல்லாரும் தமாஷுன்னு நெனச்சுக் கை தட்டுனாங்க.

அவருக்கு முதல்ல வந்தது என்னன்னு நெனக்கிறீங்க? ‘ஒரு தரம்... ரெண்டு தரம்.’ ஏலம் கூறுறது! அது மட்டும் கடகடன்னு வரும். தண்ணி வராது, சோறு வராது, என் பேரு வராது. டாக்டரம்மா சொன்னாங்க, நாக்குப் பழகுனது முதல்ல வரும்னு. அதுலருந்து பிடிச்சுக்கிட்டுத்தான் ஒவ்வொண்ணா இழுத்தோம். வார்த்தையில முதல் எழுத்தை எடுத்துக் குடுக்கணும், மிச்சத்தை அவரு சொல்லணும். காலையில ஒரு மணி நேரம், சாயந்தரம் ஒரு மணி நேரம். என் தொண்டை கட்டிப் போகும். மாத்திரை அட்டையைப் பாத்துச் சொல்லுவாரு, காயைப் பாத்துச் சொல்லுவாரு. நாலாவது மாசத்துல காபி, குழம்பு, வலிக்குது, போதும் எல்லாம் வந்துருச்சு.

அஞ்சாவது மாசத்துல ஒரு செவ்வாக்கிழமை. டாக்டரம்மா படம் போட்ட அட்டை ஒவ்வொண்ணாக் காட்டுறாங்க. குடை, செருப்பு, பசுமாடு. அடுத்தாப்புல ஒரு படம், பழைய காலத்துப் போனு. விரலை விட்டுச் சுத்துற போனு. இவரு பாத்துக்கிட்டே இருக்காரு. ரொம்ப நேரம் பாத்தாரு. பெறகு என்னைத் திரும்பிப் பாத்தாரு.

‘போன்... வந்துச்சு’ன்னாரு.

டாக்டரம்மா படபடன்னு கை தட்டுறாங்க. ‘ரெண்டு வார்த்தை சேந்து வந்துருச்சு அன்னக்கொடியம்மா!’ன்னு குதிக்கிறாங்க. பக்கத்து ரூம்லருந்து ரெண்டு நர்சு வந்து அவங்களும் கை தட்டுனாங்க. நான் மட்டும் தட்டல. பத்தொம்பது வருசம்மா! பத்தொம்பது வருசத்துப் பொய், ஒரு அட்டைப் படத்துல உடைஞ்சு போச்சு. ‘யாரு எடுத்தா?’ன்னேன். ‘நா...ன்’னாரு. ‘எடுத்து என்கிட்டச் சொன்னீங்களா?’ன்னேன். தலையை இப்பிடியும் ஆட்டுறாரு, அப்பிடியும் ஆட்டுறாரு. ஆமாவா இல்லையான்னு அந்தத் தலையாட்டுல ஒண்ணும் தெரியாது. அவருக்கு அது ரெண்டும் குழம்பும். நான் இல்லைன்னு எடுத்துக்கிட்டேன். வேற எப்பிடி எடுத்துக்க முடியும்?

அன்னைலருந்து வீட்ல அதுதான் பாடம். காலையில காபிக்கு முன்னாடி பத்துத் தடவை. ‘போன் வந்துச்சு. நான் எடுத்தேன். சொல்லல.’ திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கணும்னு டாக்டரம்மாதானே சொன்னாங்க? முதல் ரெண்டும் அவரா சொல்லுவாரு. மூணாவதுக்கு மட்டும் நான் எடுத்துக் குடுக்கணும். அதுக்கு மட்டும் வாயைத் திறக்காம என்னையே பாத்துக்கிட்டிருப்பாரு. நான் விட மாட்டேன். சொல்லுங்க, சொல்லல. சொல்லுங்க. கடைசியில சொல்லுவாரு. ரெண்டு மாசம் பழக்குனேன். அப்ப எனக்கு இடுப்பு வலியும் தெரியல, ஒண்ணும் தெரியல. நல்லாத் தூங்குனேன். அந்த ரெண்டு மாசம் நல்லா இருந்தேம்மா, சொன்னா நம்ப மாட்டீங்க.

நல்லாப் பழகிருச்சுன்னு தெரிஞ்சதும் அண்ணன் மக நம்பரைத் தேடிப் பிடிச்சுப் பேசுனேன். ‘உங்க அப்பாவை ஒரே ஒரு தடவை வரச் சொல்லு. எதையும் கேக்க மாட்டேன். வந்து உக்காந்து காதால கேட்டுட்டுப் போகச் சொல்லு’ன்னேன். ஒரு ஞாயித்துக்கிழமை அண்ணன் வந்துச்சு. தலை பூரா நரைச்சுப் போச்சு. நெத்தி அப்பிடியே எங்க அம்மா நெத்தி. வாசல்ல நின்னுக்கிட்டு உள்ள வர யோசிக்குது. கையைப் பிடிச்சுக் கூட்டியாந்தேன். சிட்டம்மாவையும் ஆள் விட்டுக் கூப்பிட்டேன். அவளும் கேக்கட்டும்னுதான். அவ மூஞ்சி போற போக்கைப் பாக்கணும்னு எனக்கு அம்புட்டு ஆசை. கறி எடுத்து ஆக்கி, இலையைப் போட்டு வச்சுட்டு, சாப்பாட்டுக்கு முன்னாடி இதை முடிச்சுருவோம்னு இவரை நாற்காலியில கொண்டாந்து நடுவுல உக்கார வச்சேன். புதுச் சட்டை போட்டு விட்டிருந்தேன். பித்தான் நானே போட்டேன், அன்னைக்கு மட்டும்.

‘சொல்லுங்க’ன்னேன். ‘அன்னைக்கு என்ன நடந்துச்சு?’

‘போன் வந்துச்சு’ன்னாரு. தெளிவா. அண்ணன் நிமிந்து பாத்துச்சு.

‘நான் எடுத்தேன்.’

மூணாவதுக்கு ‘சொல்லல’ன்னு எடுத்துக் குடுத்தேன். இவரு என்னைப் பாக்கல. எங்க அண்ணனைப் பாத்துக்கிட்டு இருக்காரு. மறுபடியும் எடுத்துக் குடுத்தேன். இடது கையைத் தூக்கி என்னை நிறுத்துனாரு. இருன்னு. அப்பிடி அவரு கையைத் தூக்கி, விழுந்ததுலருந்து நான் பாத்ததில்ல.

‘முடியல... ன்னேன்’னாரு. நிறுத்தி நிறுத்தி. ‘அம்மாவுக்கு... முடியல... ன்னேன்.’ பெறகு அந்தக் கையை என் பக்கம் காட்டி, ‘சடங்கு... முடியட்டும்... ன்னா.’

அதோட அவரு விடல. வேர்த்து ஊத்துது, வாய் ஓரத்துல எச்சி வடியுது, விடல. ‘அவளுக்கு... எப்பவும்... அதான்... ன்னா.’

நம்ம ஊருல இழவை இழவுன்னு எவன் சொல்றான், நீங்களே சொல்லுங்க. செத்துப் போயிட்டாங்கன்னு நேராச் சொல்ல மாட்டாங்க. உடம்புக்கு முடியல, கொஞ்சம் சீரியஸு, உடனே கிளம்புங்கம்பாங்க. கேக்குறவ புரிஞ்சுக்கிறணும். நான் அடுப்படியில இருந்தேனா, சீர்த் தட்டை அடுக்கிக்கிட்டு இருந்தேனா, எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லம்மா. எங்க அம்மா மாசத்துக்கு ஒரு தடவை முடியல முடியலன்னு சொல்லி விடும். போய்ப் பாத்தா நல்லா உக்காந்து வெத்தலை போட்டுக்கிட்டு இருக்கும். அவளுக்கு எப்பவும் அதான்னு நான் சொல்றதுண்டு. சொல்றதுண்டு, ஆனா அன்னைக்குச் சொன்னேன்னு யாரு கண்டது? இவரு செத்துட்டாங்கன்னு சொல்லியிருந்தா நான் பட்டுச்சேலையோட ஓடியிருப்பேன். முடியலன்னா என்ன அர்த்தம்? முடியலன்னா முடியலன்னுதானே அர்த்தம்?

எங்க அண்ணன் கேட்டுச்சு, ‘ஏத்தா, சொன்னியா?’

‘ஞாபகம் இல்லண்ணே’ன்னேன்.

அதுக்கப்புறம் அது என்னைப் பாக்கல. இவரு கிட்ட வந்து, இவரு வாயைத் தன் துண்டால துடைச்சு விட்டுச்சு. ‘மாப்ளே, என்கிட்ட அன்னைக்கே நீங்க சொன்னது சரிதான். பெறகு ஏன் இத்தனை வருசமா போனே வரலன்னீங்க?’ன்னுச்சு. இவரு தலையை மட்டும் ஆட்டுனாரு. இப்பிடியும் அப்பிடியும். இலை போட்டது போட்டபடி கிடக்க, அண்ணன் பஸ்ஸுக்குப் போயிருச்சு. சிட்டம்மா முந்தானையில மூஞ்சியைப் பொத்திக்கிட்டு, ‘எனக்கு எதுவுமே தெரியாதே மதினி. எம் மகளை நீங்க ஏறெடுத்துக்கூடப் பாக்கலையே’ன்னு அழுகுறா. நான் என்ன செய்ய? அன்னைக்கு ஆக்குன கறியைத் தெருவுல குடுத்துட்டேன்.

அந்தக் கேள்விக்கு நீங்க பதில் சொல்லுங்களேன். படிச்சவங்கதானே. பெறகு ஏன் பத்தொம்பது வருசமா போனே வரலன்னு சொல்லணும்? நான் மண்டியில வச்சு நாறடிச்சப்பக்கூட ‘நீதான்டி சொன்ன’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நான் திட்டுன திட்டு கொஞ்சமா? அப்ப சொல்லியிருந்தா நான் ஏன் இம்புட்டு... இல்ல, வேணாம். நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். எங்க அண்ணன் பாத்த மாதிரியே பாக்குறீங்க.

இது மூளையில அடி பட்டவரு பேச்சும்மா. டாக்டரம்மாவே சொல்லியிருக்காங்க, ஒரு வார்த்தைக்குப் பதிலா இன்னொரு வார்த்தை வரும், ஆமான்னா இல்லம்பாங்க, இல்லன்னா ஆமாம்பாங்கன்னு. அதை எழுதிக்கோங்க. பேசன்ட்டுக்குச் சொல் மாறி மாறி வருது. கொட்டை எழுத்துல எழுதுங்க.

பயிற்சிக்கா? நாலு செவ்வாக்கிழமையாக் கூட்டிக்கிட்டுப் போகல. என் இடுப்பு முடியல, ஆட்டோ கிடைக்கல, ஏதாச்சும் எழுதிக்கோங்க. டாக்டரம்மா ரெண்டு தடவை போன் பண்ணுனாங்க, நான் எடுக்கல. வீட்லயும் நிறுத்திட்டேன். கேக்குறதுக்கு முன்னாடியே காபியைக் கொண்டு போய்க் கையில குடுத்துடுறேன். பித்தானும் நான்தான் போட்டு விடுறேன். பக்கத்து வீட்டுக்காரி, ‘இப்பத்தான் அக்கா நல்லாப் பாத்துக்கிறீக’ன்னு சொல்லிட்டுப் போறா. ஆனா பேச்சு நிக்கலம்மா. பாடம் எடுக்காமயே வருது. தினமும் ரெண்டு மூணு புதுசா வருது. நேத்து மத்தியானம் ‘அழாத’ங்கிறாரு. யாரு அழுதா? நான் சும்மாத்தான் உக்காந்திருந்தேன்.

அடுத்த பக்கம் அவருக்கா? அவரு வாயாலயே கேட்டு எழுதணுமா? எதுக்கும்மா, அவரு தூங்கியிருப்பாரு. நீங்க பேனாவைக் குடுங்க, எல்லாத்துக்கும் நானே சொல்லிடுறேன். வலி இருக்கு, தூக்கம் உண்டு, மனைவி நல்லாப் பாத்துக்கிறாங்க, குறை ஒண்ணும் இல்ல. அப்பிடிப் போட்டுக்கோங்க. தாயி, எந்திரிக்காதீங்க. உங்க கையைப் பிடிச்சுக் கேக்குறேன். அவருகிட்ட மட்டும் எதுவும் கேட்டுறாதீங்க. பதில் சொல்லிருவாரு.